கண் எழுதாத பசுக்கள்

ஓவியம் ஒன்றைக் கண்டு மகிழ்வதில் அறம் பற்றிய வினா எழக்கூடும் என்று நாம் நெடுங்காலம் எண்ணியதில்லை. அழகு கண்ணுக்கு உரியது, அறம் நெஞ்சுக்கு உரியது என்று இரண்டையும் பிரித்தே பயின்றோம்; மாணவர்க்கும் அவ்வாறே பயிற்றுவித்தோம். எழுபது வயதைக் கடந்த பின்னர், கையகலமே உள்ள ஓர் அட்டை அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. அதனைக் குறித்தே வாசக அன்பர்களோடு சிறிது உரையாட விழைகின்றோம்.

நம் தமையனாரின் மகள் ஜெர்மனி நாட்டில் பணிபுரிகின்றாள். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, படங்களில் நமக்குள்ள ஈடுபாட்டை நினைவில் வைத்திருந்து, "அத்தை, இது உங்களுக்கு" என்று ஒரு பட அட்டையைக் கொடுத்தாள். அந்நாட்டின் கிளேவ என்னும் ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில் வாங்கியதாம். மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியெடுத்த ஓர் அச்சுப்படத்தின் நகல் அது. செதுக்கியவர் ஏவால்ட் மத்தாரே என்னும் சிற்பி. 1887ஆம் ஆண்டு ஆகன் நகரை அடுத்த ஊரில் பிறந்து 1965இல் மறைந்தவர். அவர் வாழ்நாளில் செதுக்கிய மர அச்சுப்படங்கள் நூற்றுக்கணக்கானவை. அவற்றுள் மிகப் பல பசுக்களே.

நம்மிடம் வந்த படத்தில் மூன்று பசுக்கள் உள்ளன. 'உள்ளன' என்று சொல்வதற்கே முதலில் சற்று நேரம் பிடித்தது. தாளின்மேல் மூன்று கரிய வடிவங்கள். முதுகு ஒரே நீண்ட கோடாக ஓடிப் பின்புறத்தில் மட்டும் சற்றே எழுந்து இறங்குகிறது. தலை தாழ்ந்து தரையோடு ஒன்றிவிடுகிறது. கொம்பு ஒரு வளைவு. வால் ஒரு கீற்று. ஒரு பசு மற்றொன்றை மறைத்து நிற்குமிடத்தில் மயிரிழை போன்ற வெண்கோடு ஒன்று ஓடுகிறது. அக்கோடு இல்லையேல் இரண்டும் ஒரே உடலாகிவிடும். வானம் இல்லை, மரம் இல்லை, மேய்ப்பவர் இல்லை. புல்லும் இல்லை. ஆயினும் அவை மேய்கின்றன என்பதில் நமக்குச் சிறிதும் ஐயம் எழவில்லை.

இதனை அலமாரிக் கண்ணாடியின்மேல் சார்த்தி வைத்தோம். ஆறாம் வகுப்புப் பயிலும் பெயர்த்தி மறுநாளே கேட்டாள்: "பாட்டி, இந்த மாட்டுக்குக் கண்ணே இல்லையே? கண் இருந்தால்தானே பாவமாக இருக்கும்?"

குழந்தை சொன்னது சிறு சொல்லன்று. கண் இருந்தால்தான் இரக்கம் பிறக்கும். கண் இல்லாத விலங்கைக் கண்டு எவ்வாறு இரங்குவது என்பதே அவளுடைய வினாவின் பொருள். அவ்வினா நமக்குப் புதிதும் அன்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதனை நாமே ஒரு சிறுவனிடம் கேட்டிருக்கின்றோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

மரச்செதுக்கு அச்சின் முறையை முதலில் கூறிவிடுதல் நலம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்ற நாளில், கைவினைப் பாடத்தில் உருளைக்கிழங்கை இரண்டாக நறுக்கி, அதன் முகத்தில் பூவோ இலையோ செதுக்கி, வண்ணம் தொட்டுத் தாளில் ஒற்றக் கற்றுக் கொடுத்தனர். (விடுமுறையில் வீட்டில் செய்து பழக முற்பட்டபோது நம் சமையலறையில் அக்கிழங்கு இல்லை, வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து ஒற்றினோம். ஐந்து இதழ்ப் பூவை அது தானே செதுக்கி வைத்திருந்தது.) சேலைக்கு அச்சடிக்கும் கட்டையும் இம்முறையினதே. எது தாளில் பதிய வேண்டுமோ அதனை விட்டுவிட்டு, எது பதிய வேண்டாமோ அதனை உளியால் அகழ்ந்து எடுத்துவிட வேண்டும். மேடாக எஞ்சியது கறுப்பாகும், பள்ளமானது வெண்மையாகும்.

எழுதுகோலால் வரைபவர் ஒவ்வொரு கோடாகச் சேர்த்துக்கொண்டே போகிறார். மரத்தில் செதுக்குபவரோ ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகிறார். பென்சில் கோட்டை அழிக்கலாம். மேலும் ஒரு கோடு இடலாம். கட்டையிலிருந்து பெயர்த்த சிராய் மீண்டும் ஒட்டாது. ஆகவே உளியை வைக்குமுன் ஒவ்வொரு முறையும், 'இதனை நீக்கினாலும் இது பசுவாக இருக்குமா?' என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டாக வேண்டும். மத்தாரேயின் பசுக்களைக் காணும்போது, கண்ணை நீக்கினார், குளம்பை நீக்கினார், விலாவெலும்பை நீக்கினார், இருப்பினும் பசு போகவில்லை என்பது புலப்படுகிறது. எங்கே போய்விடுமோ அந்த எல்லையில் உளியை நிறுத்திக்கொண்டார்.

இவ்வாறு நிறுத்துவதற்கு எத்தனை நாள் பார்த்திருக்க வேண்டும்! வட கடலில் வாங்கரோகே என்றொரு சிறு தீவு உண்டு. 1920ஆம் ஆண்டு அங்குத் தங்கியிருந்தபோது மத்தாரே தம் முதல் மர அச்சுப்படங்களைச் செய்தார். அதற்குமுன் பெர்லின் நகரில் ஓவியம் பயின்றவர். வண்ணமும் தூரிகையும் கைவந்தவர். அவற்றையெல்லாம் கற்றுத் தேர்ந்த ஒருவர் மரத்துண்டையும் உளியையும் எடுத்துக்கொண்டு, சமவெளியில் மேயும் மாடுகளை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வரையத் தெரியாமையால் எளிமையாக வரைந்தவர் அல்லர் அவர் என்பதற்காகவே இதனைச் சொல்கின்றோம். 'இதை நானும் வரைவேனே!' என்று இத்தகைய படங்களைக் கண்டு கூறுவோர் பலர். நம் வீட்டிலும் ஒருவர் கூறினார். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தோம். மாலைவரை முயன்றார்; வந்தது பன்றி.

நுணுக்கம் மிகுந்தால் உண்மை மிகும் என்னும் எண்ணம் நம்மிடம் ஆழ வேரூன்றியுள்ளது. அதற்கு மாறான சான்று ஒன்று இம்மர அச்சுக் கலையின் வரலாற்றிலேயே உண்டு. அதில் நம் நாட்டு விலங்கொன்றும் இடம்பெறுகிறது. குஜராத்துச் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா போர்ச்சுக்கீசியருக்குக் காண்டாமிருகம் ஒன்றைப் பரிசளித்தார். அது கோவாவிலிருந்து கப்பலேறி, 1515ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் லிஸ்பன் துறைமுகத்தில் இறங்கியது. உரோமப் பேரரசின் காலத்திற்குப் பின் ஐரோப்பிய மக்கள் காணாத விலங்கு அது. அதனைப் பார்த்த ஒருவர் எழுதிய மடலும் வரைந்த குறிப்புப் படமும் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகருக்குச் சென்றன. அங்கிருந்த புகழ்பெற்ற ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், விலங்கைக் கண்ணால் காணாமலே, அவற்றைக்கொண்டு அதே ஆண்டில் ஒரு மர அச்சுப்படம் செய்தார். செதிலும் மடிப்பும் மயிரும் ஒன்றுவிடாமல் கோடுகளால் நிறைந்த படம். தோல் இரும்புக் கவசம் போலத் தகடு தகடாக இருக்கும். தோளின்மேல் இல்லாத கொம்பு ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்படமே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய நூல்களில் காண்டாமிருகம் என்று விளங்கிற்று.

கைத்திறனில் அப்படத்தைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த விலங்கு என்னாயிற்று? லிஸ்பன் மன்னர் அதனை யானையோடு பொருத விட்டு வேடிக்கை பார்த்தார். பின்னர்ப் போப்பாண்டவருக்குப் பரிசாகக் கப்பலேற்றினார். 1516ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கரையருகே புயலில் அக்கப்பல் மூழ்கியது. நீந்தத் தெரிந்த விலங்கு. சங்கிலியால் தளத்தோடு பிணிக்கப்பட்டிருந்தமையால் கப்பலோடு மூழ்கி இறந்தது. அதன் படம் வீடு வீடாக விற்றது. படத்தைப் பார்த்தவர்கள் வியந்தனர். விலங்கை நினைத்தவர் எத்தனை பேரோ! டியூரரின் காண்டாமிருகத்துக்குக் கண் இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெயர்த்தியின் வினாவுக்கு வருவோம். கண் இருந்தால்தான் இரக்கம் வரும் என்பது மெய்யா? நம் தெருமுனையில் கோழிக்கறிக் கடை ஒன்று உண்டு. அதன் பெயர்ப்பலகையில் ஒரு கோழி நிற்கிறது. அதற்கு இரண்டு பெரிய கண்கள், இமைமயிர், சிரித்த வாய். ஓர் இறக்கையை உயர்த்தி வருவோரை வரவேற்கிறது. தன்னை அறுத்து உண்ண வாருங்கள் என்று ஒரு கோழி சிரித்த முகத்தோடு அழைப்பதாக எழுதிய ஓவியருக்கும், எழுதச் சொன்னவருக்கும், நாள்தோறும் அதன்கீழ் நின்று நிறுத்து வாங்குவோருக்கும் அதில் எவ்விதக் கூச்சமும் இல்லை. கண் அங்கே இரக்கத்தைத் தூண்டவில்லை. இரக்கம் எழாதிருக்கவே பயன்பட்டிருக்கிறது. கோழிக்கு மனித முகம் ஒட்டி, அதன் விருப்பமும் நம் விருப்பமும் ஒன்றே என்று நம்மை நம்பவைக்கும் ஏற்பாடு அது.

இதற்கு மறுதலையாக, கண்ணீர் வடிக்கும் பசுவின் படங்களும் உண்டு. நாமே கரும்பலகையில் அவ்வாறு வரைந்திருக்கின்றோம். உயிரிரக்கப் பாடம் நடத்தும் நாளில் பசுவின் முகத்தைப் பெரிதாக வரைந்து, கண்ணிலிருந்து இரண்டு துளிகளை வெள்ளைச் சுண்ணக்கட்டியால் இட்டால் போதும், வகுப்பு அமைதியாகிவிடும். சில பெண் குழந்தைகள் அழுதும் விடுவர். நல்லாசிரியை என்னும் நிறைவோடு வீடு திரும்புவோம். இப்போது எண்ணிப் பார்க்கையில், அக்குழந்தைகள் பசுவுக்காகவா அழுதனர், தம்மைப் போல் அழும் ஒரு முகத்துக்காகவா என்று ஐயம் எழுகிறது. நம்மைப் போலிருப்பதால் இரங்குவோமாயின், நம்மைப் போலில்லாத உயிர்க்கு எங்கே போவது?

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தனர். எறும்பு மூவறிவு உயிர். அதற்குக் கண்ணென்னும் பொறி இல்லை என்றே நூல்கள் கூறும். வழியில் எறும்புச் சாரையைக் கண்டால் கால் மாற்றி வைக்கும் நம் இல்லத்துப் பெரியவர்கள், அது தம்மைப் பார்க்கிறதா என்று பார்த்ததில்லை. நீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தவர்கள், அதிலுள்ள உயிர்களின் முகத்தை ஒருநாளும் கண்டவர்கள் அல்லர். முகம் காணாமலே இரங்கும் பழக்கம் அது. கோயிற் பீடத்தில் விருஷப தேவரின் திருவடிக்கீழ் உள்ள காளையையும் பெயர்த்திக்குக் காட்டினோம். நான்கைந்து வளைவுகளில் முடிந்துவிட்ட சிற்றுருவம். அழவும் இல்லை, நம்மிடம் எதையும் இரக்கவும் இல்லை. "ஆனால் அதற்குக் கண் இருக்கிறதே!" என்றாள். இருக்கத்தான் இருக்கிறது. அவ்விடத்தில் நாம் தோற்றோம்.

மத்தாரேக்குச் சற்று முன்னவராகிய பிரான்ஸ் மார்க் என்னும் ஜெர்மானிய ஓவியரும் விலங்குகளையே வாழ்நாளெல்லாம் வரைந்தவர், மரத்திலும் செதுக்கியவர். விலங்கை நாம் எவ்வாறு காண்கிறோம் என்பதை விட்டு, குதிரையும் கழுகும் மானும் நாயும் இவ்வுலகை எவ்வாறு காண்கின்றன என்று கேட்டவர் அவர். நம் கண்ணுக்குத் தோன்றும் நிலக்காட்சியில் விலங்கைக் கொண்டுவந்து நிறுத்துவது எத்துணை வறிய வழக்கம் என்று வருந்தினார். மத்தாரேயின் பசுக்களைச் சுற்றி வானும் மரமும் இல்லாமைக்கு இதனை ஒரு விளக்கமாகக் கொள்ளலாம். மேய்ந்துகொண்டிருக்கும் பசுவுக்கு அஞ்சல் அட்டைக்குரிய இயற்கைக் காட்சி ஏது? அதற்கு உண்டானது வாய்க்கு எட்டிய தரையும், பக்கத்தில் நிற்கும் மற்றொரு பசுவின் உடல் வெம்மையுமே. மூன்று வடிவங்களும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதன் பொருளை அவ்வாறு எண்ணிய பிறகே நாம் உணர்ந்தோம். அவை நம்மை நோக்கித் திரும்பவில்லை. நாம் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. நமக்காக அவை இல்லை என்பதை முகத்தில் அறைந்தாற்போல் அன்றி, மெல்ல உணர்த்தும் படம் இது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இக்கட்டுரை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் மத்தாரேயின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கியபோது, உயிரிரக்கம் பேசும் குடியினராகிய நாம் கடந்து செல்லக்கூடாத செய்தி ஒன்றைக் கண்டோம்.

1932ஆம் ஆண்டு அவர் டூசல்டார்ப் நகரக் கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். மறு ஆண்டு ஹிட்லரின் ஆட்சி வந்தது. 1933 ஏப்ரல் 7ஆம் நாள், யூதர்களையும் அரசுக்கு ஒவ்வாதவர்களையும் அரசுப் பணியிலிருந்து நீக்குவதற்கு ஒரு சட்டம் பிறந்தது. அதே மாதம் 21ஆம் நாள் மற்றொரு சட்டம்: விலங்குகளை மயக்கமூட்டாமல் அறுத்தல் கூடாது என்பது. கேட்பதற்கு இனிய சட்டம்; யூதர்தம் சமய வழக்கத்தைக் குறிவைத்தே அது இயற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 24ஆம் நாள், விலங்குப் பாதுகாப்புக்கென்றே நாடு முழுமைக்கும் விரிவான சட்டம் ஒன்றும் இயற்றினர். விலங்குகளைத் துன்புறுத்துவோர்க்குச் சிறை என்றது அது. பசுக்களையே செதுக்கிக்கொண்டிருந்த மத்தாரே அந்த 1933ஆம் ஆண்டிலேயே பேராசிரியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

1937 ஜூலையில் மியூனிக் நகரில் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு கண்காட்சிகள் திறக்கப்பட்டன. 18ஆம் நாள் திறந்தது, அரசு போற்றிய ஓவியங்களுக்கு: கட்டான உடல்கள், நிறைவான உழவர் குடும்பங்கள், ஒவ்வொரு மயிரும் எழுதப்பெற்ற நுணுக்கம். 19ஆம் நாள் திறந்தது, 'சீரழிந்த கலை' என்று பெயரிட்டு மக்கள் எள்ளி நகைப்பதற்காக மாட்டப்பெற்ற படைப்புகளுக்கு. மத்தாரேயின் படைப்பு இரண்டாவதில் இருந்தது. பிரான்ஸ் மார்க்கின் நீலக்குதிரைகளும் அங்கே மாட்டப்பட்டன. 1916இல் வெர்டன் போர்க்களத்தில் நாட்டுக்காக மாண்டவரின் ஓவியத்தையா இழிவுபடுத்துவது என்று படை அதிகாரிகள் சங்கத்தார் மறுப்புத் தெரிவித்த பின்னர், அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டனர். இரண்டாம் உலகப் போரின் முடிவுக்குப் பின் அவ்வோவியத்தைக் கண்டவர் உறுதியாக எவரும் இலர்.

இவை ஓவியங்களுக்கு நேர்ந்தவை. விலங்குகளுக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். 1942ஆம் ஆண்டு மே மாதம், யூதர் இல்லங்களில் நாய், பூனை, பறவை எதுவும் வளர்த்தல் கூடாது என்று ஆணை வந்தது. பிறரிடம் கொடுத்துக் காக்கவும் இசைவில்லை. டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த விக்டர் கிளெம்பரர் என்னும் மொழியறிஞரும் அவர் துணைவியாரும் ஆண்டுக்கணக்கில் வளர்த்த பூனையை, பிறர் கையில் சிக்கி வதைபடாதிருக்கத் தாமே மருத்துவரிடம் கொண்டுசென்று உயிர் நீக்கும்படி ஆயிற்று. அவருடைய நாட்குறிப்பு இன்றும் நூலாகக் கிடைக்கிறது. அதில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. விலங்குகளைக் காக்கச் சட்டம் செய்த அரசு, ஒரு வீட்டில் வளர்ந்த குற்றத்துக்காகப் பூனையைக் கொல்லச் செய்தது. அவ்வீட்டார்க்கு நேர்ந்திருக்கக்கூடியதையும், அவர்களைப் போன்ற அறுபது இலட்சம் பேர்க்கு நேர்ந்ததையும் உலகம் அறியும்.

இதனை நாம் எழுதுவது பிறநாட்டார் குறையை எடுத்துக்காட்டுவதற்கு அன்று. எறும்புக்கு அரிசிமா இடும் கையே, பாத்திரம் துலக்க வரும் பெண்மணிக்குத் தனிக் குவளையை நீட்டுவதை நாம் கண்டிருக்கின்றோம். நம் உறவினர் வீடுகளில் கண்டிருக்கின்றோம். ஒரு காலத்தில் நம் வீட்டிலும். பசுவின் கண்ணீருக்குக் கரையும் நெஞ்சு, எதிரில் நிற்பவரைக் காணாதிருக்கவும் பழகிவிடும். அருள் என்பது ஒரு பெருமையாக மாறிய இடத்தில் அது யார்மேல் செல்லும், யாரை விட்டு விலகும் என்று சொல்ல முடியாது.

அவ்வாறாயின் எளிமையான படம் நல்லது, நுணுக்கமான படம் தீயது என்று முடிவு கட்டலாமா? கூடாது. இங்கிலாந்தில் தாமஸ் பியூக் என்பவர், 1790இல் வெளியிட்ட நாற்கால் விலங்குகள் பற்றிய நூலுக்காக மயிர் மயிராகச் செதுக்கினார். ஊர்க்குதிரையையும் கழுதையையும் நாயையும் அவர் அறிந்த அளவு அறிந்தவர் அரியர். தம் இறுதி நாளில் அவர் செதுக்கியது, உழைத்து ஓய்ந்து மழையில் சாவை எதிர்நோக்கி நிற்கும் ஒரு முதிய குதிரையை. 1828இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் இருந்தது. அப்படத்தில் நுணுக்கமும் உண்டு, அருளும் உண்டு. மறுபுறம், கறிக்கடைச் சுவரில் தொடை, விலா, கழுத்து என்று கோடிட்டுப் பகுத்த ஆட்டின் உருவமும் எளிய கோட்டுருவமே. குறைத்து வரைதல் மதிப்பாகவும் அமையலாம், கூறுபோடவும் உதவலாம். கோட்டின் எண்ணிக்கையில் இல்லை வேறுபாடு; வரைந்தவர் எத்தனை நாள் நின்று பார்த்தார் என்பதிலும், எதற்காகப் பார்த்தார் என்பதிலும் இருக்கிறது. படத்தைப் பார்க்கும் நமக்கும் அது பொருந்தும். பெயர்த்தி முதல் நாள் அந்த அட்டையைப் பார்த்தது ஒரு நொடி. நாம் பார்த்ததும் ஒரு நொடியே. அலமாரிக்கு எதிரில் நாற்காலி போட்டு, முழங்கால் வலிக்குத் தைலம் தடவும் வேளையில் நாள்தோறும் அதையே பார்க்க நேர்ந்தமையால், நமக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது, அவ்வளவே.

மத்தாரே பணியிழந்த பின்னும் செதுக்குவதை நிறுத்தவில்லை. கிளேவ நகரில் 1934இல் அவர் அமைத்த போர்வீரர் நினைவுச் சிலையை 1938இல் உடைத்து மண்ணில் புதைத்தனர். 1977இல் அதன் துண்டுகள் கிடைத்தன. ஒட்டவைத்து 1981இல் மீண்டும் நிறுவினர். போர் முடிந்தபின் அவர் டூசல்டார்ப் கலைக்கழகத்துக்கே ஆசிரியராகத் திரும்பினார். கொலோன் நகரப் பெருந்தேவாலயத்தின் தென்வாயிற் கதவுகள் அவர் கைவண்ணம். குண்டு வீழ்ந்த ஹிரோஷிமாவில் கட்டப்பெற்ற அமைதித் தேவாலயத்துக்கும் கதவு செய்தார். இவ்வளவுக்கிடையிலும் பசுக்களை விடவில்லை.

இனி, முன்னர்ச் சொல்வதாகக் கூறிய செய்தி. நாம் பணியில் சேர்ந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கும். ஏரிக்கரையை அடுத்த சிற்றூர்ப் பள்ளி. நான்காம் வகுப்பு. 'உங்கள் ஊரில் காணும் விலங்கு ஒன்றை வரைக' என்று ஓவியத் தேர்வு வைத்தோம். எல்லாப் பிள்ளைகளும் பாடநூலில் உள்ள பசுவைப் பார்க்காமல் வரையக் கற்றிருந்தனர், அதனையே வரைந்தனர். ஒரு சிறுவன் மட்டும் அடுப்புக்கரியால் தாளின் குறுக்கே ஐந்தாறு தடித்த கறுப்புக் கோடுகளை இட்டு, ஒவ்வொன்றின் முனையிலும் பின்னோக்கி வளைந்த ஒரு பிறையை வைத்திருந்தான். வேறு ஒன்றும் இல்லை. பள்ளி விட்டதும் எருமை மேய்க்கச் செல்பவன் அவன்.

"என்னடா இது?" என்றோம்.

"எருமை, டீச்சர்."

"கால் எங்கே? கண் எங்கே? வால் எங்கே?"

"தண்ணிக்குள்ள இருக்கு, டீச்சர்."

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. கண் இல்லாமல் ஒரு விலங்கா, முழுதாக வரைந்து வா என்று திருப்பியனுப்பினோம். நண்பகல் வெயிலில் ஏரிநீரில் அமிழ்ந்து கிடக்கும் எருமைக் கூட்டத்தை நாம் நாள்தோறும் பேருந்திலிருந்து பார்த்துச் சென்றவர்களே. முதுகும் கொம்பும் நெற்றியுமே நீருக்குமேல் தெரியும். அவன் வரைந்ததில் ஒரு கோடு மிகையில்லை. ஒரு கோடு குறையவும் இல்லை. மறுநாள் அவன் கொண்டுவந்த தாளில், பாடநூற் பசுவைப் போலவே நான்கு கால்களில் நின்று, இமைமயிரோடு கூடிய கண்ணால் எங்களைப் பார்க்கும் ஓர் எருமை இருந்தது. நீர் இல்லை. அதற்குப் பத்துக்கு எட்டு அளித்தோம். அந்த ஆண்டு முழுவதும் அவன் நீரில் கிடக்கும் எருமையை மீண்டும் வரைந்ததாக நினைவில்லை. ஆண்டின் இறுதியில் பள்ளியை விட்டு நின்றுவிட்டான்.

முதல் தாளுக்குச் சிவப்பு மையால் இரண்டு மதிப்பெண் இட்டிருந்தோம். அந்த இரண்டையும் எதற்காக அளித்தோம் என்று இப்போது எண்ணிப் பார்க்கின்றோம். தாளில் பெயரையும் வகுப்பையும் ஒழுங்காக எழுதியிருந்தான். அதற்காகத்தான் இருக்க வேண்டும்.